நாய் காலை நக்கினா மீனை நிறுத்தணுமா?

கேள்வி, குளச்சல் பக்கத்துல இருந்து ஒருத்தர் — ஜூன் 16

"எங்க வீட்டு நாய் முன்னங்கால் ரெண்டையும் விடாம நக்குது. விரலிடுக்கு எல்லாம் செவந்து கெடக்கு. வெள்ளை மயிரு துரு நிறத்துக்கு வந்துட்டு. மீன் தலை போடுறதால சூடு ஏறிச் சொறி வருதுன்னு எல்லாரும் சொல்லுதாவ. மீனை நிறுத்திட்டேன், வேப்பெண்ணெயும் தடவுதேன். கொஞ்ச நாள் சும்மா இருந்துட்டு திரும்பவும் தொடங்கிட்டு. இப்ப சோறும் மாட்டிறைச்சியும்தான். இன்னும் எதை நிறுத்த?"

ஜூன் 16, ராத்திரி

மாட்டிறைச்சியை வேணும்னா நிறுத்துங்க. கிண்டலுக்குச் சொல்லல. நாய்களுக்கு ஒத்துக்காத சாப்பாடுன்னு தோல் டாக்டர்மாரு எழுதுற பட்டியல்ல முதல்ல வர்றது மாட்டிறைச்சி, பால் வகை, கோழி, கோதுமை. மீன் ரொம்பப் பின்னால. நீங்க மீனை எடுத்துட்டு அந்த எடத்துல மாட்டிறைச்சியை வச்சிருக்கீங்க.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல மீன் மேல பழி போடுறது பரம்பரை வழக்கம். மனுசனுக்குத் தடிச்சாலும் சூரை மீன், நாய்க்குச் சொறி வந்தாலும் சாளைத் தலை.

சாப்பாடு கடைசிலதான் வரணும். மாசத்தைப் பாருங்க. இடவப்பாதி மழை, அதான் தென்மேற்குப் பருவமழை, பிடிச்சு ரெண்டு வாரம் ஆகுது. உங்க நாய் எங்க படுக்குது, காலு காயுதா? அதை முதல்ல சொல்லுங்க.

ஜூன் 17

எங்க நக்குதுங்கறதுலயே பாதி பதில் இருக்கு. ஆனா எல்லாரும் "என்னத்தத் தடவ"ன்னுதான் கேக்காங்க.

ஒரே ஒரு காலை மட்டும் நக்கினா அந்தக் காலைத் தூக்கிப் பாருங்க. முள்ளு, சிரட்டைத் துண்டு, உடைஞ்ச நகம், விரலுக்கு நடுவுல புதைஞ்ச உண்ணி, நாயுருவி விதை, இதுல ஏதாவது இருக்கும். ரெண்டு முன்னங்காலும், இல்ல நாலு காலும்னா அலர்ஜி, ஈரம், பூஞ்சை பக்கம் யோசிக்கணும். வால் தொடங்குற எடத்துலயும் இடுப்புலயும் கடிச்சுக் கடிச்சு மயிரு போயிருந்தா தெள்ளுப் பூச்சி. காது விளிம்பும் முழங்கையும் மொறுமொறுன்னு தடிச்சு, ராத்திரி பகலா சொறிஞ்சா சொறிப்பூச்சி. வீட்டுல பிள்ளையளுக்கும் வயித்துலயும் கையிலயும் பொரிப் பொரியா அரிக்குதுன்னா அது இன்னும் உறுதி. குட்டி நாய்க்குக் கண்ணைச் சுத்தி வட்டமா மயிரு உதிர்ந்து, பெருசா அரிப்பும் இல்லன்னா அது வேற பூச்சி, டெமோடெக்ஸ். அது மனுசனுக்கு ஒட்டாது. பின்பக்கத்தைத் தரையில இழுத்துக்கிட்டு வாலுக்கு அடியில நக்கினா குதச் சுரப்பி அடைச்சிருக்கும்.

இன்னொண்ணு இருக்கு. வயசான நாய், மணிக்கட்டுல ஒரே எடத்தை மாசக்கணக்கா நக்கி, அந்த எடம் மயிரில்லாம தடிச்சுப் போயிருக்கும். அங்க தோலுக்கு முந்தி மூட்டு வலியையும் பாக்கணும். பகல் முழுக்கச் சங்கிலியில கெடக்குற நாய்க்கும் இதே வரும். அதுக்கு நக்குறதைத் தவிர வேற சோலி என்ன இருக்கு?

துரு நிறத்தைப் பத்திப் பயப்பட வேண்டாம். எச்சில்ல இருக்குற போர்பைரின்ங்கற நிறமி மயிருல படிஞ்சு அப்படி ஆகும். ரொம்ப நாளா நக்குதுங்கறதுக்கு அது சாட்சி, அவ்வளவுதான்.

ஜூன் 17, கொஞ்சம் கழிச்சு

குளச்சல்காரர் பதில் போட்டிருக்கார். அடுக்களைக்குப் பின்னால, பாத்திரம் கழுவுற தண்ணி ஓடுற சாய்ப்புல, சாக்கு மேல படுக்குதாம்.

அண்ணாச்சி, முதல் வேலை அந்தச் சாக்கை எரிங்க. நாயை முன்பக்கத் திண்ணைக்குக் கொண்டு வாங்க.

ஜூன் 18

விரலிடுக்கை மோந்து பாத்தீங்களா? சிரிக்காதீங்க, டாக்டரும் அதைத்தான் செய்வார். புளிச்ச தோசை மாவு மாதிரி ஒரு வாடை வந்து, இடுக்குல பழுப்பு நிறத்துல பிசுபிசுன்னு இருந்தா அது மலசீசியாங்கற ஈஸ்ட். எல்லா நாய்த் தோல்லயும் கொஞ்சம் இருக்கும். ஈரமும் சூடும் சேந்தா பெருகும். பெருகினா அரிக்கும், அரிச்சா நக்கும், நக்கினா இன்னும் ஈரம். மழைக்காலத்துல இதுக்கு முடிவே கெடையாது.

வெளியே போயிட்டு வந்தா காலைக் கழுவித் துடைக்கணும். கழுவுறதை எல்லாரும் செய்யுதாவ, துடைக்கிறதை விட்டுருதாவ. பழைய வேட்டித் துணியை விரலு விரலா உள்ள விட்டு ஒத்தி எடுங்க. எங்க ராணி முதல்ல உறுமுவா. இப்ப தானே காலை நீட்டுறா, மறு கையில பிஸ்கட் இருக்கான்னு பாத்துக்கிட்டே.

ஜூன் 20

"எங்க நாய்கிட்ட தெள்ளே கெடையாது, நான் பாத்துட்டேன்"ன்னு மூணு பேரு எழுதியிருக்காங்க. கண்ணால பாக்காதீங்க, இப்படிப் பாருங்க.

வெள்ளைத் துணியோ டிஷ்யூ பேப்பரோ விரிச்சு அதுமேல நாயை நிறுத்துங்க. பேன் சீப்பை வால் தொடங்குற எடத்துல தோலோட ஒட்டி வச்சு பைய இழுங்க. சீப்புல வர்றதைப் பேப்பர்ல தட்டுங்க. மண்ணு, மயிரு, பொடுகோட மிளகுப் பொடி அளவுல கறுப்புத் துணுக்கு விழும். அதுமேல ரெண்டு சொட்டுத் தண்ணி விட்டுட்டு ஒரு நிமிசம் பொறுங்க. மண்ணுன்னா மண்ணாவே கெடக்கும். தெள்ளுப் பீன்னா அதைச் சுத்திச் செம்பழுப்பா ஒரு வளையம் பரவும். அது செரிச்ச ரத்தம். ராணியைச் சீவினப்ப ஒரு தெள்ளு கூடக் கண்ணுல படல, பேப்பர் மட்டும் செவந்துட்டு. அரிச்சா நாய் நக்கும், நக்கும்போதே தெள்ளையும் முழுங்கிரும். அதனாலதான் நமக்கு ஆப்படாது.

அலர்ஜி இருக்குற நாய்க்கு நூறு தெள்ளு வேண்டாம். ஒண்ணு ரெண்டு கடிச்சாப் போதும், அதோட எச்சிலுக்கே உடம்பு பொங்கும்.

ஜூன் 20, இன்னும் கொஞ்சம்

நாய் மேல இருக்கது மொத்தத் தெள்ளுக் கூட்டத்துல 100-க்கு 5-தான்னு சொல்லுவாங்க. மிச்சம் முட்டையா, புழுவா, கூடா உங்க வீட்டுல கெடக்கு. முட்டை மயிருல ஒட்டாது, நாய் நடக்குற எடமெல்லாம் உதிரும். புழுவுக்கு வெளிச்சம் ஆகாது. பாய்க்கு அடியில, சிமெண்டு வெடிப்புல, தும்பு மெத்தைக்குள்ள போயிரும். கூட்டுக்குள்ள இருக்கது மாசக்கணக்கா காத்துக் கெடந்து, ஆள் நடமாட்டம் தெரிஞ்சதும் வெளிய சாடும். பூட்டிக் கெடந்த வீட்டைத் திறந்து உள்ள போனதும் கெண்டைக்கால்ல கடி வாங்கின, வெளிநாட்டுல இருந்து லீவுக்கு வந்தவங்களைக் கேட்டுப் பாருங்க.

அதனால நாய்க்கு மட்டும் மருந்து போட்டுட்டு "கேக்கல"ன்னு சொல்றதுல அர்த்தமில்ல. மூலை முடுக்கெல்லாம் பெருக்கி, அந்தக் குப்பையை வீட்டை விட்டு வெளிய கொண்டு போயிரணும். படுக்கைத் துணியைக் கொதிக்கிற தண்ணியில போடணும். வெயிலுல காயப் போடுங்கன்னு புத்தகத்துல இருக்கும். ஜூன் மாசம் தக்கலையில வெயில் எங்க இருக்கு? இஸ்திரிப் பெட்டிதான் வழி.

ஜூன் 21

கழுத்துல மாட்டுற கூம்பு கிடைக்காம ஒருத்தர் பெயிண்ட் வாளியோட அடியை வெட்டி மாட்டியிருக்கார், படமும் போட்டிருக்கார். நல்ல வேலைதான். வெட்டின விளிம்புல துணி சுத்தி ஒட்டுங்க, இல்லாட்டி கழுத்துல வேற புண்ணு வரும். கூம்பு நக்குறதைத் தடுக்கும், அரிப்பை ஆத்தாது. காரணத்தைப் பாக்காம கூம்பு மட்டும் மாட்டி விடுறது பாவம்.

ஜூன் 25

குலசேகரத்து ரப்பர்காரருக்கு: உங்க நாய் பாதத்துல தொலி உரிஞ்சு செவந்துருக்கு, வேற எங்கயும் ஒண்ணுமில்லன்னா ஷீட் அடிக்கிற கொட்டகையைப் பாருங்க. ரப்பர் பால் உறைய ஊத்துற ஃபார்மிக் ஆசிட், தட்டு கழுவின தண்ணியோட தரையில ஓடும். நம்ம செருப்புப் போட்டு மிதிக்கிறோம், அது வெறுங்காலோட மிதிச்சுட்டு அந்தக் காலையே நக்குது. வாயிலயும் புண்ணு இருக்கான்னு பாருங்க. கொட்டகைக்கு ஒரு அடைப்பு வச்சு, கொஞ்ச நாள் உள்ள விடாம இருந்து பாத்தா தெரிஞ்சிரும்.

விளையில காஞ்சொறிச் செடி இருந்தா அதுவும் ஒரு காரணம். ஆனா அது பட்ட உடனே பெகளம் வைக்கும், மாசக்கணக்கா நக்காது.

ஜூலை 3

தடவுற சாமானுக்கு வருவோம். எல்லாரும் எழுதினதைச் சேத்தா ஒரு பலசரக்குக் கடையே வைக்கலாம்.

நாய் மேல எதைத் தடவினாலும் அது வயித்துக்குள்ள போகும்ங்கறதை மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க. தேங்காண்ணெய் தடவினா பெரிய கெடுதல் இல்ல. ஆனா ஈஸ்டும் தெள்ளும் அதுல சாகாது, நக்குறதுக்கு ருசி கூடும், அவ்வளவுதான். அதுல கற்பூரம் காய்ச்சிக் கலக்குறது ஆபத்து. கற்பூரம் நாய்க்கு விஷம், வலிப்பு வரைக்கும் கொண்டு போகும். வேப்பெண்ணெய் அப்படியே பூசினா எரியும், நிறைய நக்கினா வாந்தி எடுக்கும். மஞ்சளால திண்ணை மஞ்சளாகும். மண்ணெண்ணெய், பினாயில், புகையிலைத் தண்ணி மூணும் கூடவே கூடாது. தொலி வெந்து போய், சொறியை விட்டுட்டு புண்ணுக்கு வைத்தியம் பாக்க வேண்டி வரும். மெடிக்கல்ல மனுசனுக்கு வாங்குற படர்தாமரை க்ரீம் பலதுலயும் வீரியமான ஸ்டீராய்டு கலந்திருக்கும். அதையும் நாய் நக்கித்தான் தின்னும்.

மனுச சோப்பும் வேண்டாம். நம்ம தோல் கொஞ்சம் அமிலப் பக்கம், நாய்த் தோல் கிட்டத்தட்ட நடுநிலை. நமக்குச் செஞ்சதைப் போட்டா அதுக்குத் தோல் வறண்டு போகும்.

எனக்குத் தெரிஞ்சு உருப்படியா கேட்டது குளோர்ஹெக்சிடின் ஷாம்பு. ஈஸ்ட் இருந்தா மைக்கோனசோல்ங்கற பூஞ்சை மருந்தும் சேந்தது. ஆனா தேச்ச உடனே தண்ணி ஊத்தினா காசுக்குக் கேடு. நுரையோட 10 நிமிசம் நிக்கணும். அந்த 10 நிமிசத்துக்கு நாயைப் பிடிச்சு வைக்கிறதுதான் உண்மையான வைத்தியம்.

ஜூலை 4

மாட்டுக்கு வாங்கின ஐவர்மெக்டின்ங்கற பூச்சி மருந்து ஊசியில மிச்சம் இருந்ததை "ஒரு சொட்டு" நாய்க்குப் போட்டாராம் ஒருத்தர். மாட்டுக்குச் செஞ்ச மருந்துல நாய்க்கான ஒரு சொட்டுன்னு அளவு கெடையாது. கோலி இனத்து ரத்தம் இருக்குற நாய்களுக்கு அது மூளைக்கே ஏறும், மரபணுவுல உள்ள குறை அது. கலப்பு நாய்க்குள்ள என்ன ரத்தம் ஓடுதுன்னு யாரு கண்டா?

நாய்க்குன்னு விக்கிற பெர்மெத்ரின்ங்கற தெள்ளு மருந்தைப் பூனை இருக்குற வீட்டுல கவனமா வைங்க. நாய் தாங்கும், பூனை தாங்காது.

ஜூலை 19

டாக்டரைப் பத்தி. ஒரு எடத்துல (பேரு வேண்டாம்) ராணியைத் தொட்டுக்கூடப் பாக்கல. வாசல்ல நிக்கும்போதே ஒரு ஊசி. அன்னைக்கு ராத்திரியே அரிப்பு நின்னுட்டு, அம்மா அவருக்கு ஆயுசு வேண்டிக்கிட்டா. அடுத்த நாள்ல இருந்து குடம் குடமா தண்ணி குடிக்குது, முற்றம் முழுக்க மூத்திரம். சில வாரத்துல அரிப்பு பழையபடி. போட்டது ஸ்டீராய்டு.

ஸ்டீராய்டு கெட்டதுன்னு சொல்ல வரல. தொலியைக் கிழிச்சுக்கிட்டு நிக்கிற நாய்க்கு அது ஒரு ஆறுதல்தான். ஆனா டெமோடெக்ஸ் இருக்கும்போது போட்டா பூச்சி பெருகும். அதனால ஊசிக்கு முந்தி தோலைச் சுரண்டிப் பாக்கச் சொல்லிக் கேளுங்க. பிளேடால லேசா ரத்தம் கசியிற வரை சுரண்டி, கண்ணாடித் துண்டுல வச்சு மைக்ராஸ்கோப்புல பாப்பாங்க. விரலிடுக்குல செல்லோ டேப்பை ஒட்டி எடுத்தும் பாப்பாங்க, அதுல ஈஸ்ட் தெரியும். ரெண்டுக்கும் அதிக நேரம் ஆகாது. உள்ளூர்ல ஆகலன்னா திருநெல்வேலி ராமையன்பட்டியில கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, அங்க கொண்டு போகலாம்.

மாத்திரையில ஓக்லாசிட்டினிப்னு ஒண்ணு உண்டு. அரிப்பை வேற வழியில அடக்கும், ஸ்டீராய்டு இல்ல. விலைதான் அரிக்கும்.

ஆகஸ்ட் 9

குளச்சல்காரர் வந்து "மீனை நிறுத்தினதுலதான் சரியாச்சு, பாத்தீங்களா"ன்னு எழுதியிருக்கார். அண்ணாச்சி, மீனை நிறுத்தினது ஜூன் தொடக்கத்துல. அதுக்கப்புறமும் நக்குதுன்னுதானே இங்க வந்தீங்க? நடுவுல சாக்கு எரிஞ்சது, படுக்கை திண்ணைக்கு மாறுச்சு, ஷாம்பு போட்டீங்க, தெள்ளு மாத்திரை குடுத்தீங்க, மழையும் கொஞ்சம் விட்டுது. பேரு மட்டும் மீனுக்கா?

சாப்பாடுதான் காரணமான்னு பாக்கணும்னா அதுக்கு ஒரு முறை இருக்கு. அந்த நாய் முன்ன பின்ன தின்னாத ஒரு இறைச்சி, கூட ஒரே ஒரு மாவுச் சாமான். நம்ம ஊருக்கு முயலும் மரச்சீனிக் கிழங்கும் ஒத்து வரும், கிழங்கை நல்லா வேக வைக்கணும். குறைஞ்சது 8 வாரம் அது மட்டும்தான். பிஸ்கட் கெடையாது, பால் கெடையாது, இறைச்சி வாசனை சேத்த பூச்சி மாத்திரை கூடக் கெடையாது. அரிப்பு கொறைஞ்சா அப்புறம் பழைய சாப்பாட்டைத் திரும்பக் குடுக்கணும். திரும்ப அரிச்சாத்தான் ருசு. இந்தக் கடைசிப் படியை யாரும் செய்யிறதில்ல, நல்லாயிட்ட நாயை எதுக்கு நோண்டணும்னு விட்டுருதாவ. ரத்தத்துல பாக்குற சாப்பாட்டு அலர்ஜி டெஸ்டை நம்பி காசை விடாதீங்க.

எங்க வீட்டுல இந்தப் பரீட்சை நடக்கவே நடக்காது. அம்மா புட்டு தின்னும்போது ஒரு உருண்டை கீழ விழும். தானா விழும்.

ஆகஸ்ட் 10

"மீனுக்கும் சொறிக்கும் சம்பந்தமே இல்லன்னு சொல்லிட்டார்"ன்னு வேற எங்கயோ என் பேருல ஓடுது. நான் சொன்னது அதில்ல. மீன் ஒத்துக்காத நாயும் உண்டு, அபூர்வம்னுதான் சொன்னேன். உப்புக் கருவாட்டை நாய்க்கு வாரிப் போடுங்கன்னும் நான் சொல்லல.

யோசிச்சுப் பாத்தா, ஜூன்ல நான் சாப்பாட்டைக் கடைசிக்குத் தள்ளினதுல ஒரு திருத்தம் சேக்கலாம். மழை, வெயில், மாசம் எதுவும் பாக்காம வருசம் முழுக்க ஒரே மாதிரி அரிச்சு, காதுலயும் அடிக்கடி சீழ் வச்சு, தெள்ளையும் ஒழிச்சாச்சுன்னா அப்ப சாப்பாடு முன்னுக்கு வரும்.

செப்டம்பர் 7

முட்டத்து அக்காவுக்கு: கடல் தண்ணி பட்டா சொறி ஆறும்ங்கறதும், கடல் தண்ணியாலதான் சொறி வருதுங்கறதும் நம்ம ஊருல ஒரே வாய்தான் சொல்லும். உப்பு மயிருல காஞ்சா தோல் வறண்டு அரிக்கும், நல்ல தண்ணியில அலசினா தீந்துது. நான் அதிகம் யோசிக்கிறது மணலைத்தான். நாய் வெளிக்கிருக்கிற ஈர மணல்ல கொக்கிப்புழுக் குஞ்சு இருக்கும். அது பாதத் தோல் வழியா ஏறும், விரலிடுக்கு செவந்து அரிக்கும். உங்க பையன் காலுல செவப்பா கோடு கோடா நெளிஞ்சு நகருதுன்னு எழுதியிருக்கீங்களே, அதுக்கும் இந்தப் புழு காரணமா இருக்கலாம். பையனைத் தோல் டாக்டர்கிட்ட காட்டுங்க, நாய்க்குப் பூச்சி மருந்து ஒழுங்கா குடுங்க.

செப்டம்பர் 8

நேத்து ஒருத்தர், "நாய் நக்கினா புண்ணு ஆறும், எங்க தாத்தா காலை நக்கித்தான் ஆறிச்சு"ன்னு எழுதினார். இதுல விளையாட்டு வேண்டாம். நாய் உங்க நல்ல தோலை நக்கினா ஒண்ணுமில்ல. வெடிப்போ புண்ணோ இருக்குற எடத்தை வெறிநோய் இருக்க வாய்ப்புள்ள நாய் நக்கினா, உலக சுகாதார நிறுவனம் அதை ஆபத்து கூடின மூணாம் வகையில வச்சிருக்கு. ஆழமாக் கடிச்சதும் அதே வகைதான். சோப்புப் போட்டு 15 நிமிசம் ஓடுற தண்ணியில கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போகணும், தடுப்பூசியோட இம்யூனோகுளோபுலினும் போடணும். வீட்டு நாய்க்கு வருசா வருசம் ஊசி போட்ட அட்டை கையில இருக்கான்னு இன்னைக்கே எடுத்துப் பாருங்க.

அக்டோபர் 22

துலாமழை, அதான் ஐப்பசி மழை, பிடிச்சாச்சு. இந்தக் கேள்வி-பதில் இழைக்கும் திரும்ப உயிர் வந்துட்டு. உண்ணியைப் பத்திக் கேட்டவங்களுக்கு: சுவர்ல ஏறுற அந்தப் பழுப்பு உண்ணி வீட்டுக்குள்ளயே குஞ்சு பொரிச்சுக் குடும்பம் நடத்தும். அரிப்பு அதோட சின்ன வேலை. நாய் சாப்பாட்டைத் தொடல, காய்ச்சல் அடிக்குது, ஈறு வெளிறிக் கெடக்கு, மூக்குல ரத்தம்னு இருந்தா சொறிக் கதையை விட்டுட்டு அன்னைக்கே ரத்தம் பாக்கணும். எர்லிக்கியா, பேபிசியான்னு உண்ணிக் காய்ச்சல் ரெண்டு உண்டு.

தெள்ளுக்கும் உண்ணிக்கும் சேத்துக் குடுக்குற மாத்திரையில அஃபாக்ஸோலேனர் மாசம் ஒண்ணு, ஃப்ளூராலேனர் 12 வாரம் வரைக்கும் நிக்கும். வலிப்பு வந்த நாய்னா டாக்டர்கிட்ட அதை முதல்லயே சொல்லிருங்க. 2018-ல அமெரிக்க மருந்துத் துறை இந்த வகை மாத்திரைக்கெல்லாம் அந்த எச்சரிக்கையைப் போட்டுது.

அக்டோபர் 23

"எடை பாத்துத்தான் மாத்திரைன்னு சொல்லுதாவ, நாயை எப்படி நிறுக்க"ன்னு கருங்கல் தம்பி கேக்கார். எடை மெசின்ல நீங்க நாயைத் தூக்கிக்கிட்டு நில்லுங்க, அப்புறம் தனியா நில்லுங்க, கழிச்சுக்கிடுங்க. தூக்க முடியாத லாப்ரடார்னா ரப்பர் ஷீட் எடுக்குற கடைக்குக் கொண்டு போங்க, தரையோட தராசு வச்சிருப்பாங்க. கடைக்காரர் கிரேடு என்னன்னு கேப்பார், கண்டுக்காதீங்க.